விமானத்தின் தோலுக்கு நரம்பு வேண்டுமா?

2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் மாலை, திருச்சி விமான நிலையத்திலிருந்து சார்ஜாவுக்கு ஒரு விமானம் 141 பேருடன் கிளம்பியது. கிளம்பிய சிறிது நேரத்தில், சக்கரங்களையும் இறக்கைத் தடுக்குகளையும் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்று விமானியின் முன்னுள்ள பலகை தெரிவித்தது. உடனே இறங்கவும் முடியாது; தொட்டி நிறைய எரிபொருள் இருக்கும்போது விமானம் மிகுந்த எடையுடன் இருக்கும். ஆகவே திருச்சி, புதுக்கோட்டை வான்பகுதியில் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக அது வட்டமிட்டு, எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, இரவு எட்டேகால் மணியளவில் பத்திரமாகத் தரையிறங்கியது. உங்களில் சிலர் அன்று மாடியில் நின்று அதன் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள்.

அதற்குச் சரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், அதே விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதுவும் போயிங் 737 வகை. அதே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. உள்ளே 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தனர். தரையை விட்டு எழும்பும்போது அது ஓடுபாதையின் கோடியிலிருந்த உணர்கொம்புகளிலும் சுற்றுச்சுவரிலும் மோதியது. சுவர் இடிந்தது. தரையிலிருந்தவர்கள் சுவரைப் பார்த்து ஐயுற்று விமானிக்குச் சொன்னார்கள். விமானியோ தம் பலகையைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இயங்குவதாகவே அது காட்டியது. விமானம் அரபிக்கடலின் மேல் நெடுந்தூரம் சென்ற பின்னரே திருப்பப்பட்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரம் பறந்தபின் மும்பையில் இறங்கியது. இறங்கிய பிறகுதான் அதன் அடிவயிற்றில் உலோகத் தகடு கிழிந்து கிடந்ததைக் கண்டார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவதில் எண்ணெயின் அழுத்தம் குறைந்ததும் விமானத்திற்குத் தெரிந்துவிட்டது. ஏனெனில் அங்கே ஓர் அளவி இருந்தது. இரண்டாவதில் தன் தோல் கிழிந்ததே விமானத்திற்குத் தெரியவில்லை. ஏனெனில் அங்கே அளவி எதுவும் இல்லை. உங்கள் காலில் முள் குத்தினால் மூளைக்கு எட்ட ஒரு நொடிகூட ஆவதில்லை. பல நூறு கோடி ரூபாய் பெறுமானமுள்ள ஓர் இயந்திரத்திற்கு அந்த வசதி இல்லை.

அந்த வசதியைக் கொடுப்பதற்காகத்தான் 'கட்டமைப்பு நலம் காட்டும் உணரிகள்' என்று ஒரு வகைக் கருவிகளைப் பொறியாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். 'இவை உயிரைக் காக்கும்' என்றே பலரும் இவற்றைப் பற்றி எழுதுகிறார்கள். நான் வேறொன்று சொல்ல விரும்புகிறேன். இவற்றின் முதற்பயன் பணம். அப்படிச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில், விமானத்தின் தோல் ஏன் நோகிறது?

பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மிகவும் மெல்லியது. அதை மூச்சுவிட்டு நாம் பிழைத்திருக்க முடியாது. ஆகவே உள்ளே காற்றை அடைத்து வைக்கிறார்கள். உள்ளழுத்தத்திற்கும் வெளியழுத்தத்திற்கும் உள்ள வேறுபாடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 55,000 நியூட்டன். அதாவது ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் ஐந்தரை டன் பாரம் உள்ளிருந்து தள்ளுகிறது. போயிங் 737இன் உடல் ஒரு குழாய். அதன் விட்டம் 3.76 மீட்டர். தகட்டின் தடிப்பு, பல இடங்களில், ஏறத்தாழ ஒரே ஒரு மில்லிமீட்டர். இந்தக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிரிக்க முயலும் விசை 55,000 × 3.76, அதாவது 2 லட்சத்து 6 ஆயிரம் நியூட்டனுக்கு மேல்; சுமார் 21 டன். அதைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு பக்கமும் உள்ள இரண்டு மெல்லிய தகட்டு விளிம்புகள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மி.மீ. தடிப்பு. ஆக, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 103 நியூட்டன் தகைவு. உள்ளேயுள்ள வளையச் சட்டங்களும் பங்கு வாங்கிக்கொள்வதால் உண்மையில் கொஞ்சம் குறையும்.

விமானத்திற்குப் பயன்படும் அலுமினியக் கலவை இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இழுத்தால்தான் நிலையாக நீளத் தொடங்கும். பிறகென்ன கவலை என்று கேட்பீர்கள். இரண்டு கவலைகள். ஒன்று, தகட்டில் ஆயிரக்கணக்கான தறையாணித் துளைகள் இருக்கின்றன. ஒரு வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு சுற்றியுள்ளதைப் போல் மூன்று மடங்காகிவிடும். மற்றொன்று, இந்த இழுப்பு ஒருமுறை நிகழ்வதன்று. ஒவ்வொரு பயணத்திலும் ஏறும்போது தோல் புடைக்கிறது, இறங்கும்போது தளர்கிறது.

கையில் ஒரு ஜெம் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக்கி, முழுதாக இப்படியும் அப்படியும் மடக்குங்கள்; பத்து இருபது முறையில் முறிந்துவிடும். இன்னொன்றை எடுத்துச் சிறிதளவே மடக்கி நிமிர்த்துங்கள். எண்ணிக்கொண்டே வாருங்கள். உங்கள் விரல் சோர்ந்தாலும் அது முறியாது. ஆனால் நாள்தோறும் செய்துவந்தால் என்றோ ஒருநாள் முறியும். இதுதான் உலோகச் சோர்வு. முதலாண்டு மாணவர்களிடம் ஆளுக்கொரு கிளிப் கொடுத்து, முறியும் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதச் சொல்வது என் வழக்கம். ஒரே பெட்டியில் வந்த கிளிப்புகள்தாம். ஆனால் எண்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். விமானப் பொறியாளருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இந்த வேறுபாடுதான். சராசரி விமானம் எப்போது விரிசல் விடும் என்று அவருக்குத் தெரியும். இந்த விமானம் எப்போது விடும் என்று தெரியாது.

உலகத்திற்கு இதைக் கற்றுக்கொடுத்தது 'காமெட்' விமானம். 1954ஆம் ஆண்டு ஜனவரியில் எல்பா தீவருகிலும், ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகிலுமாக இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறின. காரணம் காண, இங்கிலாந்தின் பார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே நீரை ஏற்றி இறக்கி அழுத்தத்தை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். பறந்ததும் தொட்டியில் கழிந்ததுமாகச் சேர்த்து 3,057 பயணங்களுக்குச் சமமான அளவில் உடல் கிழிந்தது.

அதன்பின் வடிவமைப்பு மாறியது. பரிசோதனை முறைகளும் வந்தன. இருந்தும் 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோகா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றில், ஏழாயிரம் மீட்டர் உயரத்தில் கூரையே ஐந்தரை மீட்டர் நீளத்திற்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்ற 94 பேரும் பிழைத்தது பெரும் வியப்பு. அந்த விமானத்தின் வயது 19. பறந்த மணிகள் 35,496. ஆனால் பறந்த முறைகளோ 89,680! தீவுக்குத் தீவு அரை மணி நேரத் தாவல்கள். சோர்வைப் பொறுத்தவரை மணிக்கணக்கு முக்கியமன்று. எத்தனை முறை புடைத்துத் தளர்ந்தது என்பதே கணக்கு. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே போய்வரும் விமானம், துபாய் போகும் விமானத்தைவிட மணிக்கு மணி அதிகமாகச் சோர்வடைகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அன்று ஏறும்போது ஒரு பயணி கதவருகே தகட்டில் விரிசலைக் கண்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. விசாரணையில் இது பதிவாகியுள்ளது. நம் ஊர்ப் பேருந்தில் ஏறும்போது நாமும் அப்படித்தானே இருக்கிறோம்!

இன்று இதைத் தடுப்பது எது? உணரி அன்று; மனிதர்கள். சில நூறு மணிக்கு ஒருமுறை சிறு பரிசோதனை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் பரிசோதனை என்று வரிசை வைத்திருக்கிறார்கள். பெரும் பரிசோதனையில் நாற்காலி, தரை, உட்சுவர் எல்லாவற்றையும் கழற்றி, விமானத்தை எலும்புக்கூடாக்கி, ஒவ்வோர் இடத்தையும் கண்ணாலும் மீயொலியாலும் சுழல் மின்னோட்டத்தாலும் ஆராய்கிறார்கள். ஆயிரக்கணக்கான மனித மணிகள் செலவாகும். விமானம் வாரக்கணக்கில் நிற்கும். நிற்கும் விமானத்திற்கும் வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும். நம் நிறுவனங்கள் பறக்கவிடும் விமானங்களில் பெரும்பாலானவை வாடகை விமானங்களே.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல இடங்களில் பார்ப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். அந்த இடத்தை அடைவதற்கு ஆகும் நேரம் நாட்கள். வீட்டுச் சுவருக்குள் புதைத்த குழாய் கசிகிறதா என்று அறியச் சுவரை ஆண்டுதோறும் இடித்துக் கட்டுவதைப் போன்றது. கழற்றி மாட்டும்போது கருவி பட்டுக் கீறல் விழுவதும் உண்டு. நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போய் நோயை உண்டாக்கிவிட்டு வருவது!

இங்கேதான் உணரி வருகிறது. சில வகைகளைச் சொல்கிறேன்.

மிகப் பழையது, திரிபு அளவி. ஒரு மெல்லிய உலோக இழையை வளைத்து வளைத்துத் தாளில் ஒட்டி, அதைத் தகட்டின்மேல் ஒட்டிவிடுவார்கள். தகடு நீண்டால் இழையும் நீளும். நீண்டால் மின்தடை கூடும். மேலே கணக்கிட்ட தகைவில் ஒரு மீட்டர் அலுமினியம் ஒன்றரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நீளும். 120 ஓம் தடையுள்ள அளவியில் மாற்றம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓம் மட்டுமே. அதை அளக்க வீட்ஸ்டன் சமனச்சுற்று உதவுகிறது. மேல்நிலை வகுப்பில் அதைப் படிக்கும்போது 'இது எதற்கு?' என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது, அழுத்த மின்விளைவுப் படிகம். பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்ப்பாரே, அதே வேலைதான். ஒரு படிகம் தகட்டில் நுண்ணிய அதிர்வை அனுப்பும். தொலைவிலுள்ள மற்றொரு படிகம் அதைக் கேட்கும். நடுவில் விரிசல் இருந்தால் கேட்கும் ஒலி மாறிவிடும். முன்பெல்லாம் ரயில் நிலையத்தில் ஒருவர் நீண்ட சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார்.

மூன்றாவது, ஒளியிழை. தலைமயிர் போன்ற கண்ணாடி இழையில் இடையிடையே நுண்வரிகளை எழுதிவைத்தால், ஒவ்வொரு வரித்தொகுதியும் ஒரு குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் அந்த நிறம் இம்மியளவு மாறும். ஒரே இழையில் பல இடங்களை அளக்கலாம் என்பது இதன் பெருமை. விமானத்தில் கம்பியின் எடையும் பணம்தானே! நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரிலுள்ள என்.ஏ.எல். என்னும் அரசு ஆய்வகம் 1959இல் தொடங்கப்பட்டது. அதன் அறிவியலாளர்களும் இஸ்ரேல் நாட்டவரும் சேர்ந்து, 'நிஷாந்த்' என்னும் ஆளில்லா விமானத்தின் வால்தண்டில் இத்தகைய இழைகளைப் புதைத்துப் பறக்கவிட்டு அளந்திருக்கிறார்கள்.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் இதில் மாயம் எதுவும் இல்லை. விரல் அகலமுள்ள பட்டை ஒன்றில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் இணையாக ஓடுகின்றன. ஒன்றில் வெற்றிடம், அடுத்ததில் காற்று, அடுத்ததில் வெற்றிடம். பட்டையைத் தகட்டின்மேல் ஒட்டுகிறார்கள். தகட்டில் விரிசல் விழுந்து அது இரண்டு வாய்க்கால்களுக்குக் குறுக்கே போனால், காற்று விரிசல் வழியே வெற்றிடத்திற்குள் கசியும், அளவி காட்டிவிடும். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பதன் தம்பி இது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகமும் டெல்டா விமான நிறுவனமும் இதைப் போயிங் 737 விமானங்களில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தன.

இனிப் பணக்கணக்கு. இந்த எண்கள் நான் கணக்கிற்காக வைத்துக்கொள்பவை, முறைதான் முக்கியம். விமானத்தின் உள்ளே ஆழத்தில் ஓர் இணைப்பை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு விமானம் இரண்டு நாள் நிற்கவேண்டும். நாளொன்றுக்கு இழப்பு 8 லட்சம் ரூபாய். கழற்றி மாட்டும் கூலி 4 லட்சம். மொத்தம் ஆண்டுக்கு 20 லட்சம். உணரியைப் பொருத்த ஒரே தடவையாக 25 லட்சம் ஆகட்டும். அதன்பின் வெளியிலிருந்து ஒரு கருவியை மாட்டிப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முதல் திரும்பிவிடுகிறது. விமானம் இருபது ஆண்டு பறக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு 2019ஆம் ஆண்டைப் பாருங்கள். ஒரு பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றுவதற்காகப் பிரித்தபோது, இறக்கையையும் உடலையும் இணைக்கும் கவை போன்ற உறுப்பில் விரிசல் இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. 'பிக்கிள் ஃபோர்க்' என்று அதற்குப் பெயர். ஊறுகாய்த் துண்டைக் குத்தியெடுக்கும் முள்கரண்டி போல இருக்குமாம். ஊறுகாயை விரலால் எடுக்கும் நமக்கு இந்தப் பெயர் ஒட்டவில்லை, போகட்டும். 90,000 பயணங்கள் தாங்கவேண்டிய உறுப்பு அது. 30,000 பயணங்களைத் தாண்டிய அவ்வகை விமானங்களை ஏழே நாட்களில் பரிசோதிக்கவேண்டும் என்று அக்டோபரில் அமெரிக்க அரசு ஆணையிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ ஐம்பது விமானங்கள் தரையில் நின்றன. விரிசல் இல்லாத விமானங்களையும் பிரித்துப் பார்த்துத்தான் 'இல்லை' என்று சொல்ல முடிந்தது. அந்த 'இல்லை'க்கு ஆன செலவைத்தான் உணரி மிச்சப்படுத்தும்.

'ஐயா, இலாபம் விமானக் கம்பெனிக்கு, எங்களுக்கு என்ன?' என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களில் நம் மாவட்டத்தார் எத்தனை பேர் என்று உங்கள் வகுப்பிலேயே கைதூக்கச் சொல்லிப் பாருங்கள். விடுமுறை முடிந்து குறித்த நாளில் வேலைக்குச் சேரவேண்டிய ஒருவருக்கு, விமானம் திடீரென்று நின்றுபோனால் ஆகும் நட்டம் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் ஏறாது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் சீட்டு எடுத்தவர்கள் உண்டு. எதிர்பாராத நிறுத்தத்தை எதிர்பார்த்த நிறுத்தமாக மாற்றுவது உணரியின் இரண்டாவது பொருளாதாரப் பயன். என்னைக் கேட்டால் அதுதான் பெரிது. இன்று காணும் சிறு விரிசலுக்கு இன்னும் மூன்று மாத அவகாசம் உண்டு என்று தெரிந்தால், விமானத்தை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம், வேறு விமானம் ஏற்பாடு செய்யலாம், பயணிக்குச் சொல்லலாம்.

ஒரு விமானம்கூட வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. புதுக்கோட்டை வழியே இராமேசுவரம் போகும் ரயில்கள் கடந்துகொண்டிருந்த பழைய பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்கும் அதன் நடுப்பகுதியில் 2018 டிசம்பரில் பழுது கண்டது. பிறகு சென்னை ஐ.ஐ.டி. அதில் உணரிகளைப் பொருத்திக் கண்காணித்தது. 2022 டிசம்பரில் அதிர்வு வரம்பு மீறுவதாக அவை எச்சரிக்க, ரயில்கள் நிறுத்தப்பட்டன. பயணிகள் மண்டபத்திலேயே இறங்கிப் பேருந்தில் போனார்கள், முணுமுணுத்தார்கள். பழைய பாலத்தில் பின்னர் பயணிகள் ரயில் ஓடவேயில்லை. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. நூறு ஆண்டு கடந்த ஓர் இரும்புப் பாலத்தைக் கடைசி நான்கு ஆண்டுகள் நம்பிப் பயன்படுத்தவும், நம்பக்கூடாத நாள் வந்ததும் நிறுத்தவும் அந்த உணரிகள் உதவின. இதில் முன்பாதியும் பயன்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இப்போது மறுபக்கம். உணரி விற்பவர்கள் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு.

100 விமானங்கள், ஒவ்வொன்றிலும் 100 உணரிகள், ஒவ்வொன்றையும் நாள்தோறும் ஒருமுறை படிக்கிறோம். ஓர் உணரி பத்தாயிரம் முறை படிக்கும்போது ஒரே ஒருமுறை பொய் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல கருவிதான்! ஆனால் நாளொன்றுக்கு மொத்தம் 10,000 படிப்புகள். ஆகவே நாள்தோறும் ஒரு பொய் எச்சரிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விமானத்தை நிறுத்திப் பார்க்க 4 லட்சம் என்றால் ஆண்டுக்கு 14 கோடியே 60 லட்சம் ரூபாய் வீண். பணம் போவதுகூடப் பெரிதன்று. 'புலி வருது' கதைதான் நடக்கும். உண்மையான எச்சரிக்கை வரும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இதற்குத் தீர்வு என்ன? இன்னும் நுட்பமான உணரி என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: அடிக்கடி படிக்காமல் இருப்பது! சோர்வு விரிசல் பெரும்பாலும் மெல்ல வளர்வது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, விமானம் எப்படியும் பணிமனைக்கு வரும்போது படித்தால் போதும் என்றால், ஆண்டுக்கு நான்கே படிப்பு. நம் 100 விமானங்களிலும் சேர்த்து ஆண்டுக்கு நான்கே பொய்கள். செலவு 16 லட்சம். பறக்கும்போதே எல்லாவற்றையும் எந்நேரமும் கவனிக்கும் விமானம் என்பது கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கும். இன்றைக்குப் பயன்தருவது, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் உணரியே.

அதேபோல் விமானம் முழுவதும் உணரி ஒட்டுவதையும் நான் ஏற்கவில்லை. எடை கூடும், உணரிக்கும் கம்பிக்கும் பழுது வரும், அவற்றைப் பார்க்க ஒரு பரிசோதனை வேண்டும். விரிசல் விழும் என்று தெரிந்த, கை எட்டாத இடங்களில் மட்டும் போதும். கார்பன் இழைக் கலவையால் ஆன விமானங்களுக்கு மட்டும் ஒரு விலக்குத் தரலாம். போயிங் 787இன் எடையில் பாதி அத்தகைய பொருளே. அதன்மேல் சரக்கேற்றும் வண்டி இடித்துவிட்டால் வெளியே சிறு தடம்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். இடித்த ஓட்டுநர் பயத்தில் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கதவுகளைச் சுற்றி மோதலை உணரும் படிகங்கள் இருந்தால் அவை சொல்லும்.

பணிமனைத் தோழர்களின் வேலை போய்விடாதா என்ற கேள்வி வரும். பிக்கிள் ஃபோர்க்கில் விரிசல் வரும் என்று 2019க்கு முன் எவரும் எண்ணவில்லை. எண்ணாத இடத்தில் எவரும் உணரி ஒட்டமாட்டார்கள். அதைக் கண்டது ஒரு தொழிலாளியின் கண். தெரிந்த இடத்தை உணரியிடம் விட்டுவிட்டு, தெரியாத இடங்களைத் தேட அந்தக் கண்ணுக்கு நேரம் கொடுக்கலாம். மேலும், நம் நிறுவனங்கள் பெரும் பரிசோதனைக்கு விமானங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி டாலரில் செலவழித்து வந்திருக்கின்றன. ஓசூர் போன்ற இடங்களில் நம்மவர் பணிமனைகள் இருந்தும் இந்த நிலை. பழுதுபார்ப்பின் மீதான வரியை 18 விழுக்காட்டிலிருந்து 5ஆக 2020இல் அரசு குறைத்தது நல்ல தொடக்கம். உணரியின் அளவுகளைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த இளைஞர்கள் இங்கே இருந்தால் அந்த வேலை இங்கேயே நிற்கும். அதற்கு வேண்டியது நம் ஊர்க் கல்லூரிகளில் கற்பிக்கும் இயற்பியலும் புள்ளியியலும்தான்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். உணரி இருக்கிறது என்பதைக் காட்டிப் பரிசோதனையின் இடைவெளியை நீட்டிக்கச் சொல்லி நிறுவனங்கள் கேட்கும். அதில்தான் அவர்களுக்கு இலாபம். கேட்கட்டும், தவறில்லை. ஆனால் அப்படி நீட்டிக்கும் ஒவ்வொரு விமானத்தின் உணரி அளவுகளும் நிறுவனத்தின் அலமாரியில் மட்டும் இருக்கக்கூடாது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திற்கும் நேரடியாகப் போகவேண்டும். பாம்பனில் ரயில் ஓட்டுபவர் வேறு, உணரியைப் பார்த்துச் சொன்னவர் வேறு. விமானத்தில் இருவரும் ஒருவராகிவிட்டால், திருச்சியில் சுவரை இடித்துவிட்டுப் பறந்த அந்த இரவில் பலகை சொன்ன அதே பதிலைத்தான் நாம் மறுபடியும் கேட்போம்.